மேகம் யாருக்காக வந்தது?



நம்முடைய புதுச்சேரிக்கு வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்கள் எப்போதும் உண்டு. 1955-ல் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் தொடங்கின நாள்முதல் அது இன்னும் அதிகம். மரஞ்செடிகளைப் பற்றி, ஓலைச்சுவடிகளைப் பற்றி, கடல் அரிப்பைப் பற்றி, இந்த உஷ்ண தேசத்தின் மழையைப் பற்றியெல்லாம் படிக்க வருவார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளையில் வீட்டுத் திண்ணையில் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வரும்போது எல்லார் கையிலும் ஒரு திட்டம் இருக்கும். புறப்படும்போது, "ஐயா, நான் தேடி வந்தது வேறு, எனக்குக் கிடைத்தது வேறு" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த வேறொன்றுக்குச் சிலர் அர்த்தம் என்று பேர் வைப்பாங்க. சிலர் கொஞ்சம் கூச்சத்தோடே கடவுள் என்பாங்க.

நாமும் அப்படித்தானே? நம் பிள்ளைகள் பாரீசுக்கும் ரெயூனியனுக்கும் படிக்கப் போகிறார்கள். போன காரியம் ஜெயமானால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திலே சாட்சி. ஜெயமாகாவிட்டாலும் சாட்சிதான்: "கர்த்தர் அந்தக் கதவை அடைத்தார், எனக்கு ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொடுக்கவே அடைத்தார்." சொல்லுகிறவரும் அழுகிறார், கேட்கிறவர்களும் ஸ்தோத்திரம் சொல்கிறோம்.

நான் கேட்க விரும்புவது இதுதான். நான் போன காரியம் கெட்டுப்போனது. அதிலே எனக்கு ஒரு பாடமும் கிடைத்தது. ஆகையால் எனக்குப் பாடம் சொல்லவே தேவன் அதைக் கெடுத்தார் என்று நான் சொல்லலாமா? கெட்டுப்போனது என் காரியம் மட்டுமென்றால் சரி, சொல்லிக்கொள்ளலாம். கூடவே வேறு பேருடைய வீடும் வாசலும் போயிருந்தால்?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊரிலேயே நடந்த ஒரு மனுஷனுடைய கதை இருக்கிறது. நம்மில் அநேகர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

கியோம் லெ ஜாந்தி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1725-ல் நார்மாந்தியிலே கூத்தான்ஸ் என்கிற ஊரில் பிறந்தவர். குருவாகிவிட வேண்டும் என்று பாரீசுக்குப் போய் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்த வாலிபன், ஒரு நாள் வானசாஸ்திரப் பாடம் கேட்கப் போய் அங்கேயே நின்றுவிட்டார். அப்போது உலகத்து வானசாஸ்திரிகள் எல்லாரும் ஒரு சம்பவத்துக்காகக் காத்திருந்தார்கள். வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு சிறு கரும்புள்ளியைப்போல் கடந்து போவது அபூர்வம். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தரம் வரும், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வராது. 1761-லும் 1769-லும் வந்தது. நம் காலத்திலே 2004-லும் 2012-லும் வந்துபோனது. இனி 2117-ல்தான். இதை வாசிக்கிற பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.

பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் அதைப் பார்த்து நேரத்தைக் குறித்தால், சூரியன் நமக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அது சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்று இன்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். அன்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதற்காகப் பலரைப் பல திசைக்கு அனுப்பினார்கள். லெ ஜாந்திக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் கப்பலேறினார். இன்று மொரீசியஸ் என்கிறோமே, அந்தத் தீவுக்கு ஜூலையில் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நம்ம ஊருக்குக் கப்பல் கிடைக்கவே அடுத்த வருஷம் மார்ச் ஆகிவிட்டது. காரணம் யுத்தம். 1761 மே மாதக் கடைசியில் மலையாளக் கரையிலே மாஹேக்குப் பக்கத்தில் வந்தபோது செய்தி கிடைத்தது: புதுச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது! கப்பல் திரும்பியது. ஜூன் 6-ந்தேதி வெள்ளி சூரியனைக் கடந்த அன்று வானம் தெளிவாக இருந்தது. ஆனால் லெ ஜாந்தியோ நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தளத்தில் இருந்தார். பார்த்தார், கணக்குக்கு உதவவில்லை.

வேறு ஆளாயிருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் எட்டு வருஷம் காத்திருக்கிறேன் என்றார். மடகாஸ்கர் பக்கம் தீவுகளை அளந்தார், செடிகொடிகளையும் காற்றையும் கடலோட்டத்தையும் பற்றி எழுதினார், மணிலா வரைக்கும் போனார், கடைசியில் 1768 மார்ச் 27-ல் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேலேயே, இன்றைக்குப் பாரதி பூங்கா இருக்கிற சுற்றுவட்டாரத்தில், அவருக்கு ஒரு வானிலை மாடம் கட்டிக்கொடுத்தார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். சத்துருவாய் இருந்தவர்கள்தான், பாருங்க.

1769 மே மாதம் முழுவதும் காலை நேரம் வானம் கண்ணாடி போல இருந்ததாம். ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. அந்த விடியற்காலம் மேகம் வந்து மூடியது. சூரியன் உதித்தும் முகம் காட்டவில்லை. வெள்ளி கடந்து முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி, நாள் முழுவதும் வெயில்! அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. இரண்டு வாரத்துக்குமேல் பேனாவை எடுக்கவே கை வரவில்லை என்று அவரே பின்னாளில் எழுதி வைத்தார்.

அதன்பின் வயிற்றுக்கடுப்பிலே விழுந்து, புயலிலே கப்பல் அடிபட்டு, 1771 அக்டோபரில் பிரான்சு எல்லையைத் தொட்டார். பதினொரு வருஷம், ஆறு மாசம், பதின்மூன்று நாள். வீட்டுக்குப் போனால், செத்துப்போனார் என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்குபோட நிற்கிறார்கள். அறிவியல் கழகத்தில் இருந்த இடமும் போய்விட்டது.

பிரியமானவர்களே, இந்தக் கதையை ஒரு பிரசங்கியார் கையில் கொடுத்தால் என்ன சொல்லுவார் என்று நமக்குத் தெரியும். "குருத்துவத்தை விட்டு நட்சத்திரத்துக்குப் பின்னால் போனான், தேவன் மேகத்தை அனுப்பினார்" என்பார் ஒருவர். "மேகத்தின் மூலம் தேவன் அவன் பெருமையை உடைத்து வேறொரு ஆசீர்வாதத்துக்கு ஆயத்தப்படுத்தினார்" என்பார் இன்னொருவர். இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே 1769-ல் ஷாப் தோத்தரோஷ் என்று இன்னொருவர் கலிபோர்னியாவின் தென்முனையில் போய் நின்றார். அவர் குருப்பட்டம் பெற்றவர். அவருக்கு வானம் தெளிந்தது, எல்லாவற்றையும் பார்த்துக் குறித்தார். இரண்டு மாதத்துக்குள் அந்த இடத்திலேயே கொள்ளைநோயில் மரித்தார். இப்போது சொல்லுங்கள், இருவரில் யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு அடைந்தது? வானிலையை வைத்துத் தேவனுடைய மனதைக் கணக்கிடப் போனால் நாம் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இந்த இரண்டு பேரே போதும்.

இதிலும் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. லெ ஜாந்தியின் மாடம் எதன்மேல் நின்றது? இடிந்த கோட்டையின்மேல் நின்றது. கோட்டை மட்டுமா இடிந்தது? 1758-ல் பிரெஞ்சுக்காரர் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பழியாக 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும் கோட்டையையும் மாளிகைகளையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் முற்றுகை, ஊருக்குள்ளே பட்டினி. இப்போது ஒருவர் எழுந்து, லெ ஜாந்திக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கத்தான் தேவன் புதுச்சேரியை விழப்பண்ணினார் என்று சாட்சி சொன்னால், அந்த ஊரில் பட்டினி கிடந்த தாய்மார் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அவர்கள் பிள்ளைகள் என்ன, ஒரு வானசாஸ்திரியின் பாடப்புத்தகமா?

தூரதேசத்துக்குப் போய் அர்த்தம் தேடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. போன இடத்து ஜனங்களுடைய பாடுகள் எல்லாம் தன் ஆத்துமாவின் வளர்ச்சிக்காக நடந்த மாதிரி ஆகிவிடும். ஏழ்மையைப் பார்த்தேன், தாழ்மை கற்றேன். வியாதியைப் பார்த்தேன், நன்றி கற்றேன். கற்றது மெய்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழை அதற்காகவா ஏழையாயிருந்தான்?

நான் இதை யோசிக்கத் தொடங்கினது 2011-ல். பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பி அப்போது என்னிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தான். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலே பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டு, ஏழெட்டு மாதம் குறிப்பு எழுதியிருந்தான். டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம்ம ஊரில் மரம் விழாத தெரு இல்லை. கடலூர் ஜில்லாவில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடே சாய்ந்தன. ஜனங்களுக்கும் உயிர்ச்சேதம். அந்தத் தம்பியின் நம்பர் போட்ட மரங்களில் நின்றது சொற்பம். படிப்பு போச்சு.

மறுநாள் ராத்திரி நம்முடைய வருஷக்கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம். தம்பி போக இடமில்லாமல் என்னோடே வந்து பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆராதனை முடிந்தபோது நம்ம சபை மூப்பர் ஒருவர் அன்போடே அவன் தோளில் கைபோட்டு, "தம்பி, கலங்காதே. கர்த்தர் உனக்கு ஏதோ பெரிய காரியம் கத்துக்கொடுக்கத்தான் இந்தப் புயலை அனுமதிச்சார்" என்றார். அவன் தனக்குத் தெரிந்த தமிழிலே மெதுவாகக் கேட்டான்: "எனக்குக் கத்துக்கொடுக்க அந்த அம்மா மரம் ஏன் விழணும், ஐயா?"

மூப்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மௌனமாயிருந்ததுதான் அன்றைக்கு நான் கேட்ட நல்ல பிரசங்கம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவன் சொன்ன அந்த அம்மா விதவை. அவன் 40 என்றும் 41 என்றும் எழுதின மரங்களை அவங்க "இது எங்க மாமனார் வச்சது, இது பெரியவன் பிறந்த வருஷம் வச்சது" என்று சொல்லுவாங்களாம். விழுந்த மரங்களுக்கு நடுவே அவங்களோடே நடந்தபோதுதான் அந்தப் பெயர்களையெல்லாம் தம்பி எழுதிக்கொண்டான். தன் நோட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை மரம், எவ்வளவு சுற்றளவு என்று தமிழில் கையால் எழுதிக் கொடுத்தான். எழுத்துப்பிழை என்னிடம் திருத்தி வாங்கினான். நிவாரணத்துக்கு அந்தத் தாள் பயன்படவில்லை. அந்த அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாங்க.

"யோனாவுக்காகப் புயல் வரவில்லையா? வேதத்திலேயே இருக்கிறதே" என்று யாராவது கேட்கலாம். வந்தது, நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்தப் புயலில் சரக்கையெல்லாம் கடலில் எறிந்து நஷ்டப்பட்டது யோனா அல்ல, கூலிக்கு ஓடின மாலுமிகள். யோனா அவர்களிடம், இது எனக்கு ஒரு பாடம் என்று சொல்லவில்லை. என்னாலே உங்களுக்கு இந்தக் கேடு வந்தது, என்னைத் தூக்கிப் போடுங்கள் என்றுதான் சொன்னான். தன் கணக்கில் மற்றவர்களுடைய நஷ்டத்தையும் சேர்த்துப் பேசினான். பவுல் மெலித்தா தீவிலே கப்பற்சேதத்திலிருந்து கரையேறினபோது என்ன செய்தார்? மழையும் குளிருமாயிருந்தது, தீவார் நெருப்பு மூட்டினார்கள். பவுல் விறகு பொறுக்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட பேர் நனைந்து நடுங்குகிறபோது, இந்தச் சேதத்தின் அர்த்தம் என்னவென்று அவர் அங்கே பிரசங்கித்ததாக எழுதப்படவில்லை. அப்போஸ்தலன் சுள்ளி பொறுக்கினது எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் லெ ஜாந்திக்கு நம்ம ஊரில் ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. காத்திருந்த நாட்களில் அவர் ஒரு தமிழரிடம் மாணாக்கராய் உட்கார்ந்து, நம்மவர் கிரகணம் கணிக்கிற முறையைப் படித்தார். அந்தத் தமிழர் எழுதுகோல் எடுக்கவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பி நகர்த்தி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லியே கணக்குப் போட்டார். 1765 ஆகஸ்ட் 30-ந்தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு அந்தத் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் பேர்பெற்ற தோபியாஸ் மாயருடைய அட்டவணையோ 68 விநாடி அதிகமாகக் காட்டியது. இதை எழுதி வைத்தவர் லெ ஜாந்தியேதான். பாரீசின் பெரிய கழகத்து அங்கத்தினர், சோழி உருட்டுகிற ஒரு மனுஷன் முன் தரையில் உட்கார்ந்து, தங்கள் அட்டவணையைவிட இது கிட்ட வந்தது என்று கைப்பட எழுதுவது லேசான காரியமா? ரொம்ப காலத்துக்குப் பின் 1952-ல் நாய்கபவர் என்கிற அறிஞர் இந்தத் தமிழ்க் கணக்கை ஆராய்ந்து, இதிலே பழைய பாபிலோன் கணக்குமுறையின் சாயல் இருக்கிறது என்று எழுதினார். கிழக்கிலிருந்து நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகளுடைய ஞாபகம் எனக்கு வந்தது. அது வேறு கதை.

இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, வெள்ளியை மறைத்துத் தேவன் சோழியைக் காட்டினார்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேகம் கலைந்திருந்தாலும் அவர் சோழிக் கணக்கைக் கற்றிருக்க முடியும், ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்டது தரையில் உட்கார ஒரு மனசு, அவ்வளவுதான். மேகம் அவரைக் கேட்டு வரவில்லை. உட்கார்ந்தது அவர். சொல்லிக்கொடுத்ததும் ஒரு மனுஷன், புயலோ யுத்தமோ அல்ல. ஒரு யாத்திரையில் ஆவிக்குரிய அர்த்தம் என்று ஒன்று இருக்குமானால், அது நமக்கு நேரிட்ட நஷ்டத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைவிட, அந்த இடத்து மனுஷருக்கு நாம் இப்போது கடனாளி என்று தெரிய வருவதிலே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. பாடம் என்றால் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். லெ ஜாந்தி அந்தக் கடனைப் பாதியாவது தீர்த்தார். 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய புத்தகமாகத் தன் யாத்திரையை எழுதி, நம்மவர் கணக்கை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தார். இழந்த இடம் கழகத்தில் திரும்பக் கிடைத்தது, கலியாணம் செய்து ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாகி, 1792-ல் கண்மூடினார்.

கர்த்தர் புயலிலே ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நான் எழுதவில்லை. ஆவியானவர் ஒருவரோடே தனியாக இடைப்பட்டு, உன் வழியை நான் அடைத்தேன் என்று உணர்த்தினால் அது அவருக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம். பக்கத்து வீட்டுக்காரருடைய இடிந்த சுவரின்மேல் ஏறி நின்றுகொண்டு அந்தச் சாட்சியைச் சொல்லாதிருப்போம் என்பதே நான் கேட்பது. நம் சபையிலே வெளிநாட்டில் படிப்பை முடிக்காமல் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி அனுப்பின தகப்பன்மார் இருக்கிறார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று அவர்கள் வாயால் அவர்களே சொல்லுகிற நாள் வரும், வராமலும் போகலாம். அவர்களுக்கு முந்தி நாம் அதைச் சொல்ல வேண்டுமா?

அந்த மூப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. புதுவருஷம் பிறந்து நாலாம் நாள், நம்ம வாலிபர் ஐந்து பேரையும் இரண்டு ரம்பத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பிரெஞ்சுத் தம்பியை வழிகாட்டச் சொல்லி, பண்ருட்டிக்குப் போனார். ஒன்பது நாள் தங்கி, விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். தம்பிக்குக் கையெல்லாம் கொப்புளம். ஒரு பலா மரத்தைக் காட்டி, ஜெபவீட்டுக்கு வச்சுக்கங்க, பணம் வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னாங்களாம். விலை வாங்காவிட்டால் மரம் வேண்டாம் என்று மூப்பர் பிடிவாதமாய் நின்று, கடை விலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார். நம் ஜெபவீட்டில் பெண்கள் பக்கம் சுவரோரமாய் இருக்கிற இரண்டு பெஞ்சும் அந்த மரம்தான்.